எதிராளி வேலை

துப்பாக்கி வைத்திருப்பவன் தைரியசாலி என்று நினைத்த காலமெல்லாம் மலையேறிவிட்டது. எங்கள் கோயம்புத்தூரில் இப்போது துப்பாக்கி வாங்குகிறவர் முதலில் பயப்படக் கற்றுக்கொள்ள வேண்டும். ஒழுங்காகப் பயப்படத் தெரியாதவருக்கு உரிமம் கிடையாது.

சிரிக்காதீர்கள். பொதுமக்கள் தற்காப்புக்குத் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் வந்த புதிதில், சுட்டவர்கள் எல்லாரும் நீதிமன்றத்தில் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். உயிருக்குப் பயந்து சுட்டேன் என்றார்கள். வரப்புத் தகராறில் பங்காளியைச் சுட்டவரும் அதையே சொன்னார், வீட்டைக் காலி செய்யாத வாடகைக்காரரைச் சுட்டவரும் அதையே சொன்னார். நிஜமாகவே பயந்தாரா, இல்லை பழைய கணக்கைத் தீர்த்தாரா என்று எந்த நீதிபதி நெஞ்சைத் திறந்து பார்ப்பது? அதற்காகத்தான் துப்பாக்கிக்கு அச்சப்பூட்டு வந்தது.

நீலாம்பூரைத் தாண்டி, மூடிப்போன நூற்பாலையின் கிடங்கில் காவலம் பயிற்சிப் பள்ளி நடந்தது. நடத்தியவள் கோகிலவாணி. ரைபிள் சுடுதலில் மாநிலத்துக்காகப் பதக்கம் வாங்கியவள். நாற்பதைத் தாண்டியும் முதுகு வளையாமல் நிற்பவள். ஒவ்வொரு புதுக் குழுவுக்கும் பூட்டைப் பற்றி அவளே விளக்குவாள்.

“கையில போட்டிருக்கிற காப்பு உங்க நாடி, வியர்வை, உங்களுக்கே தெரியாத இன்னும் சில விஷயங்களைப் பார்த்துக்கிட்டே இருக்கும். எதிர்ல நிக்கிற ஆளைப் பார்த்து நீங்க நெஜமாப் பயந்தாத்தான் பூட்டு தெறக்கும். டக்குன்னு சத்தம் கேட்கும், பிடிக்கு மேல பச்சை விளக்கு எரியும். கோவப்பட்டாத் தெறக்காது. குடிச்சுட்டு வீராப்புப் பேசினாத் தெறக்காது. நடிச்சாலும் தெறக்காதுங்க.”

முன்வரிசையில் ஆறுச்சாமி உட்கார்ந்திருந்தார். பத்திரப்பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதையும் இரண்டு தடவை கேட்டால்தான் அவருக்குத் திருப்தி.

“அப்ப தைரியசாலி என்னங்க பண்றது?” என்று கேட்டார்.

“தைரியசாலிக்குத் துப்பாக்கி எதுக்குங்க?” என்றாள் கோகிலவாணி. எல்லாரும் சிரித்தார்கள்.

பூட்டு திறந்து சுட்டால் அது தற்காப்பு என்று சட்டம் சொன்னது. விளக்கு எரிந்ததற்கான தடம் துப்பாக்கிக்குள்ளேயே பதிவாகிவிடும். வழக்கு இல்லை, விசாரணை இல்லை. பயந்தவர் நிரபராதி. ஊரே நிம்மதிப் பெருமூச்சு விட்டது.

ஆனால் அட்டைப் பொம்மையைப் பார்த்து யார் பயப்படுவார்கள்? திரையில் கத்தியோடு ஓடிவந்த திருடனைப் பார்த்து ஆறுச்சாமி கொட்டாவி விட்டார். ஆபத்து வருகிற நேரத்தில் பூட்டு திறக்காவிட்டால் அத்தனை விலை கொடுத்து வாங்கியது கையில் வெறும் இரும்பாக இருக்கும். தேர்விலும் தேற முடியாது. ஆகவே ஒவ்வொரு பள்ளியும் ஓர் ஆளை வேலைக்கு வைத்தது. அந்த வேலைக்கு எதிராளி என்று பெயர். காவலத்தின் எதிராளி மாரப்பன்.

ஆறடிக்கு மேல் உயரம். நல்ல கறுப்பு. உக்கடம் மார்க்கெட்டில் மூட்டை சுமந்து அகன்ற தோள். கூடத்து மூலையில் வீட்டின் முன்னறையைப் போலவே ஓர் அறை கட்டியிருந்தார்கள். பயிற்சிக்கு வந்தவர் அங்கே உட்கார்ந்து செய்தித்தாள் பார்த்துக்கொண்டிருப்பார். எப்போது என்று சொல்ல மாட்டார்கள். திடீரென்று கதவை உதைத்துக்கொண்டு, பஞ்சு வைத்துத் தைத்த கனத்த அங்கியோடு மாரப்பன் உள்ளே பாய்வார். அவர் போடுகிற சத்தத்தில் கிடங்கின் தகரக் கூரை அதிரும். முதல் நாள் பலர் நாற்காலியோடு பின்னால் விழுவார்கள். ஒரு பருத்தி வியாபாரி வேட்டியை நனைத்துக்கொண்டார். சில நாட்களில் உடம்பு பாடத்தைப் பிடித்துக்கொள்ளும்: மாரப்பனின் முகம் தெரிந்ததும் டக், விளக்கு, சுண்ணாம்புத் தூள் அடைத்த குண்டு அவர் மார்பில் வெடிக்கும். கைதட்டுவார்கள்.

பிறகு மாரப்பன் எழுந்து, மூஞ்சியில் அப்பிய சுண்ணாம்பைத் துடைத்துக்கொண்டு, சுட்டவரைப் பார்த்து, “நல்லா வந்துதுங்க” என்பார். ஆறுச்சாமியின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று விசாரிப்பார். கோகிலவாணி அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். பள்ளியில் அவரை மரியாதைக் குறைவாக யாரும் பேசக் கூடாது என்பதில் கறாராக இருந்தாள். அதைத் தன் நல்ல குணங்களில் ஒன்றாக மனசுக்குள் வைத்திருந்தாள்.

காவலத்தில் படித்து வெளியே போனவர்கள் பெருகிக்கொண்டே போனார்கள். பயிற்சி முடிந்ததும் துப்பாக்கியை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். ஆனால் உடம்பு கற்றதை வாசலில் கழற்றிவைக்க முடியாது. மாரப்பன் பஸ்ஸில் ஏறினால் எங்கோ ஒரு இடுப்பில் டக் என்று கேட்கும். துணிக்கடையில் கேட்கும். ஆஸ்பத்திரியில் மருந்து வாங்க வரிசையில் நின்றால் முன்னாலும் பின்னாலும் கேட்கும். யாரும் எதுவும் செய்ய மாட்டார்கள். கையால் விளக்கை மறைத்துக்கொண்டு சன்னல் பக்கம் பார்ப்பார்கள். படித்தவர்கள் அல்லவா.

முதலில் மாரப்பன் அதை வேடிக்கையாகச் சொன்னார். “இப்பெல்லாம் நெம்ப மரியாதைங்க மேடம். நான் ஏறினா நாலு சீட்டு காலியாகுது” என்றார். கோகிலவாணியும் டீயைக் குடித்துக்கொண்டே சிரித்தாள். பிறகு அவர் பஸ்ஸை விட்டுவிட்டுச் சந்துகளின் வழியாக நடந்து வேலைக்கு வர ஆரம்பித்தார். நடப்பது உடம்புக்கு நல்லது என்று அவள் சொன்னாள்.

இப்படியே போயிருக்கும். அதற்குள் மாரப்பனின் மகள் நிறைமதிக்குக் கல்யாணம் கூடிவந்தது.

நிறைமதி தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். அவளும் அங்கே எக்ஸ்ரே பிரிவில் இருந்த எழிலனும் ஒருவரை ஒருவர் விரும்பினார்கள். எழிலனின் அப்பா சென்னியப்பன் கணபதியில் மோட்டார் பம்பு பட்டறை வைத்திருப்பவர். சாதி வேறு என்று சொந்தபந்தம் முணுமுணுத்தபோது, “இந்தக் காலத்துல அதெல்லாம் பார்க்கிறதா” என்று ஒரே வார்த்தையில் வாயை அடைத்தவர். அதில் அவருக்குப் பெருமை உண்டு, இருக்க வேண்டியதுதான். சென்னியப்பனும் அவருடைய தம்பிகள் இரண்டு பேரும் காவலத்தில் படித்தவர்கள். பெண்ணின் அப்பா யார் என்பது நிச்சயத்தன்று மாரப்பன் தாம்பூலத் தட்டோடு படியேறி வரும்வரை அவர்களுக்குத் தெரியாது.

மூன்று இடுப்பிலும் பூட்டு திறந்தது. சின்னத் தம்பியின் கை பழக்கத்தில் பிடிக்குப் போய், பாதியில் நின்றது. அதை நிறைமதி பார்த்தாள்.

தட்டை மாற்றிக்கொண்டார்கள், பூவும் வைத்தார்கள். மறுநாள் சென்னியப்பன் போன் செய்து, பெண்ணுக்குத் தாரை வார்க்கிற சடங்கைத் தாய்மாமன் செய்யட்டும், மாரப்பன் மண்டபத்துக்கு வராமலிருப்பது நல்லது என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். எங்களுக்கு ஒண்ணும் இல்லீங்க, பயிற்சி அப்படிப் பழக்கிவிட்டுருச்சு, அவ்வளவுதான் என்றார். கல்யாணக் கூட்டத்தில் தள்ளுமுள்ளு, யாராவது தடுக்கி மேலே விழுந்து, திறந்த துப்பாக்கி வெடித்தால்?

மாரப்பன் இதைக் கோகிலவாணியிடம் வந்து சொன்னபோது அங்கியைக்கூடக் கழற்றவில்லை. மார்பெல்லாம் சுண்ணாம்பு.

“ஒண்ணு கேக்கோணுமுங்க மேடம். பூட்டு தெறந்திருக்கறப்ப சுட்டாக் கேசு இல்லைன்னு கிளாசுல சொல்றீங்கல்ல.”

“ஆமாண்ணா.”

“அப்ப என்னை யாரு சுட்டாலும் கேசு இல்லீங்களா?”

 வாரந்தவறாமல் கரும்பலகையின் முன்னால் நின்று அந்தச் சட்டத்தைச் சொல்லிக்கொடுத்தவள் கோகிலவாணிதான். இந்தக் கேள்வி அவளுக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. தோன்றாததுதான் அவளைச் சுட்டது. காதுமடல் சூடாகிற அளவுக்கு வெட்கமாக இருந்தது.

அவர் சண்டைக்கு வரவில்லை. கல்யாணத்தன்று மகள் பக்கத்தில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். கற்றுக்கொடுத்த மாதிரியே மறக்கடிக்கவும் ஒரு வழி இருக்குமில்லையா என்று கேட்டார்.

“பயிற்சியால வந்த பயம்தானேண்ணா. பயிற்சியாலயே போயிரும்” என்றாள் கோகிலவாணி. மாரப்பன் அவளைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, சரிங்க என்று போய்விட்டார்.

பூட்டு செய்கிற கம்பெனியில் அவள் விசாரித்தாள். குறிப்பிட்ட ஓர் ஆளுக்குத் திறக்காமல் செய்ய வழி இல்லையா என்றதற்கு, அப்படிச் செய்தால் நாளைக்கு எல்லாத் திருடனும் தன் பெயரைக் கொடுப்பான் என்று சிரித்தார்கள். துப்பாக்கியை மண்டபத்துக்கு வெளியே வைத்துவிட்டு வரச் சொன்னால் என்ன? கல்யாணத்துக்கு ஆகும். அப்புறம் வளைகாப்பு, பேரனுக்குக் காது குத்து, வீட்டுக்குப் போக வர இருப்பது? சம்பந்தி வரும்போதெல்லாம் பீரோவைப் பூட்டுகிற குடும்பத்தில் பெண் எப்படி வாழும்?

கடைசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். விருந்து வைப்பது. சென்னியப்பன் குடும்பத்தையும், கல்யாணத்துக்கு வரப்போகிற பழைய மாணவர்களையும் பள்ளிக்கே கூப்பிட்டு, இலை போட்டு, மாரப்பனையே பரிமாற வைப்பது. எந்த முகம் கதவை உதைத்து வந்ததோ அதே முகம் சோறு போட்டால் உடம்புக்குப் புரியாமலா போகும்? எல்லாரும் துப்பாக்கியோடும் காப்போடும் வர வேண்டும், விளக்கு வெளியே தெரியும்படி வர வேண்டும், யாரும் துண்டை இழுத்து மறைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னாள். குண்டுகளை வாசலிலேயே எண்ணி வாங்கிக்கொண்டாள். மாணவர்களுக்குச் சொன்னதைத் தானும் செய்ய வேண்டும் என்று, எப்போதும் தோல் உறைக்குள் மூடி வைத்திருக்கும் தன் துப்பாக்கியையும் அன்றைக்கு இடுப்பில் வெளியே தெரியும்படி செருகிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு வரிசையாக உட்கார்ந்தார்கள். மாரப்பன் வெள்ளை வேட்டி கட்டி, தலையைப் படியச் சீவி, சாம்பார் வாளியோடு சமையல்கட்டிலிருந்து வெளியே வந்தார். வரிசை முழுக்க டக் டக் என்று திறந்தது. இத்தனை பச்சை விளக்குகளுக்கு நடுவே அவர் குனிந்து முதல் இலைக்குச் சாம்பார் ஊற்றினார்.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. பருத்தி வியாபாரி அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே இருந்தார்.  தன் வீட்டுக்கு மருமகளாக வரப்போகிறவளின் தகப்பன் கையால் சோறு வாங்கும்போது தன் இடுப்பு இப்படிக் காட்டிக்கொடுக்கிறதே என்று சென்னியப்பன் கூசிப்போனார். ஒருவர் எழுந்து போய்விடலாமா என்று அசைந்தார். பாதிச் சாப்பாட்டில் இலையை விட்டு எழுவது அதைவிட அசிங்கம் என்று திரும்ப உட்கார்ந்தார்.

மூட்டை தூக்கியவருக்குப் பரிமாறத் தெரியவில்லை. ரசத்தைச் சாம்பார் ஊற்றுகிற மாதிரி கரண்டி நிறைய மொண்டு ஊற்றினார். சென்னியப்பனின் தம்பி மனைவி இலையிலிருந்து ரசம் ஓடிப் பட்டுச் சேலையை நனைத்தது.

“ஏனுங்க, இப்பிடி ஊத்துனா இலைக்கு மதகு வெக்கோணுமாட்ட இருக்குது” என்று அந்த அம்மாள் பட்டென்று கடிந்துகொண்டாள்.

மாரப்பன் பதறிப்போய்த் தோளில் கிடந்த துண்டை எடுத்தார், சேலையைத் துடைக்கலாமா கூடாதா என்று தெரியாமல் தரையைத் துடைத்தார். தெரியாமப் பண்ணிட்டனுங்க, தெரியாமப் பண்ணிட்டனுங்க என்று திரும்பத் திரும்பச் சொன்னார். யாரோ சிரித்தார்கள். ஆறுச்சாமி சிரித்தார். வரிசை முழுவதும் சிரித்தது. ஆறுச்சாமியின் விளக்கு அணைந்தது, பிறகு அடுத்தவருடையது, பிறகு மளமளவென்று எல்லாருடையதும்.

சமையல்கட்டு வாசலில், அவர் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த கோகிலவாணிக்குக் கண் கலங்கியது. கூடவே ஒரு சின்ன நெருடலும் இருந்தது. சோறு போட்டதால் பயம் போகவில்லை. அந்த ஆறடி உடம்பு தரையோடு தரையாகக் குனிந்து மன்னிப்புக் கேட்டதால்தான் போயிற்று. ஆனால் காரியம் ஆகிவிட்டது. அவள் அந்த நெருடலை ஒதுக்கிவிட்டாள்.

சென்னியப்பன் எழுந்து கை கழுவிக்கொண்டு வந்து மாரப்பனின் கையைப் பிடித்தார். “சம்பந்தி, நீங்க வந்து முன்னாடி நிக்காம அங்க கல்யாணம் இல்லீங்க” என்றார். பயிற்சி செய்த வேலை, பயிற்சியாலேயே சரியாகிவிட்டது என்று எல்லாரிடமும் சொன்னார். அப்படிச் சொல்லும்போது அவர் முகத்தில் எவ்வளவு ஆறுதல். தம்பிகளும் தலையாட்டினார்கள். நம்மிடம் தப்பில்லை, கற்றுக்கொடுத்ததில்தான் தப்பு என்பது எத்தனை பெரிய நிம்மதி!

பரிமாறினவர் பசியோடு இருக்கக் கூடாது என்று மாரப்பனை வலுக்கட்டாயமாக உட்காரவைத்து இலை போட்டார்கள். எல்லாரும் சுற்றி நின்றார்கள். அவருக்கு நானே போடுகிறேன் என்று கோகிலவாணி சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு வந்தாள். இலைக்கு முன்னால் குனிந்தாள். மாரப்பன் நிமிர்ந்து பார்த்தார். இரண்டு முகமும் ஒரு முழ தூரத்தில் இருந்தன.

டக்.

எல்லாரும் தங்கள் இடுப்பைப் பார்த்துக்கொண்டார்கள். எல்லாம் இருட்டாகத்தான் இருந்தன. பிறகுதான் கோகிலவாணியின் இடுப்பைப் பார்த்தார்கள்.

“உங்களுக்குங்களா மேடம்?” என்றார் சென்னியப்பன். அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை. “உங்களை அவரு அந்த ரூம்புல வந்து மெரட்டுனதே இல்லீங்களே.”

  பதில் சொன்னது மாரப்பன்தான். யாருக்கோ காய்ச்சல் இருப்பதைச் சொல்வது போல, குற்றம் சாட்டாத குரலில் சொன்னார்.

“மேடத்துக்கு மொதல்லருந்தே அப்பிடித்தானுங்க. நான் தோட்ட வேலை கேட்டுத்தான் இங்க வந்தனுங்க. வாசல்ல நின்னு வணக்கம் சொன்னேன், டக்குன்னு கேட்டுது. மேடம் ஒரு நிமிஷம் யோசிச்சுட்டு, தோட்ட வேலை வேண்டாம், வேற வேலை இருக்குதுன்னாங்க.”

 பயிற்சிக் கூடத்தில் ஒரே நேரத்தில் பல பூட்டுகள் திறக்கும்போது ஒன்று கூடுதலாகத் திறந்தால் யாருக்குத் தெரியும்? உறைக்குள் எரிகிற விளக்கு யார் கண்ணில் படும்? இத்தனை வருஷமாக அண்ணா என்று கூப்பிட்டதில் அது எப்போதோ அணைந்திருக்கும் என்று கோகிலவாணி நம்பியிருந்தாள். அவ்வப்போது உறையைத் திறந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அவள் பார்க்கவில்லை. பார்க்காமலிருந்ததற்குக் காரணம் இப்போது அவளுக்குத் தெரிந்தது. பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது.

 பயிற்சிதான் காரணம் என்று இவ்வளவு நேரம் சொல்லிக்கொண்டிருந்தவர் சென்னியப்பன். முதல் வகுப்பின் முதல் நாள், மாரப்பன் கதவை உதைப்பதற்கு முன்னால், அங்கி மாட்டிக்கொண்டு ஓரமாக நின்ற ஆளைத் தான் எப்படிப் பார்த்தோம் என்று அவர் யோசித்திருக்க வேண்டும். அணைந்துதான் இருந்தது, ஆனாலும் சட்டையை இழுத்து விளக்கை மூடிக்கொண்டார். அதைப் பார்த்து அவருடைய தம்பியும் மூடிக்கொண்டார்.

கோகிலவாணி குனிந்த நிலையிலேயே நின்றாள். “என்னை மன்னிச்சிருங்கண்ணா” என்று மெல்லச் சொன்னாள். அதைச் சொல்லும்போதும் இடுப்பில் அது எரிந்துகொண்டுதான் இருந்தது.

“அட விடுங்க மேடம். உடம்பு பண்றதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க” என்றார் மாரப்பன். இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்தார். பிறகு தலையை நிமிர்த்தாமல், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார். “நிறைமதி கல்யாணத்துக்கு மட்டும் நீங்க வர வேண்டாமுங்க. அந்த விளக்கைப் புள்ளை பார்த்துட்டான்னா மனசு ஒடஞ்சு போயிருமுங்க. உங்களைப் பத்தி அவகிட்ட நான் நெம்ப நல்லவிதமாச் சொல்லி வெச்சிருக்கறேன்.”

“சரிங்கண்ணா” என்று அவள் சோறு போட்டாள்.